தணிந்த குரல்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களில் பாட்டுக்கு இரண்டு அளவுகள் இருந்தன. ஒன்று ஊருக்குக் கேட்க வேண்டிய பாட்டு. மற்றது ஊருக்குக் கேட்கக் கூடாத பாட்டு. கலியாண வீட்டுக் குரவை, பொல்லடி, பக்கீர்மாரின் றபான் எல்லாம் முதல் வகை. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் கொடியேறும் நாட்களின் ஆரவாரமும் அதில் சேரும். பெண்கள் வளவுக்குள் வேலையோடு வேலையாகப் பாடிய கவி இரண்டாவது வகை. ஊர் வரலாறு எழுதியவர்கள் முதல் வகையைப் பற்றி நிறையவே எழுதினார்கள். அது கண்ணுக்கும் தெரியும், காதுக்கும் எட்டும். இரண்டாவது வகை, தன் இயல்பினாலேயே, எழுதுவோர் காதில் அதிகம் விழவில்லை.

கவி நான்கடிப் பாட்டு. பக்கவாத்தியம் கிடையாது, தாளம் போட ஆளும் வேண்டாம். அடியின் கடைசி அசையை மூச்சு உள்ளவரை இழுத்து, மூச்சு தீரும் இடத்தில் விட்டுவிடுவார்கள். அதன் ராகம் பெரும்பாலும் அவ்வளவுதான். தமிழரும் முஸ்லிம்களும் பொதுவாகக் கையாண்ட வடிவம் இது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை இந்தக் கரை முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததால், பழைய தொகுப்புகளில் இவை மட்டக்களப்பு நாட்டுப்பாடல்கள் என்ற பெயரில் கிடக்கின்றன. சம்மாந்துறைக் கவியையும் அக்கரைப்பற்றுக் கவியையும் தேடுபவர் அந்தத் தலைப்பின் கீழ்தான் தேட வேண்டும்.

கவியில் பேசுபவர் பெரும்பாலும் மச்சானும் மச்சியும். முறையுள்ளவர்கள், ஆனால் இன்னும் கலியாணம் முடிக்காதவர்கள். சொல்ல வந்ததை நேராகச் சொல்வது இதில் குறைவு. கிளியிடமோ புறாவிடமோ நிலவிடமோ சொல்லி, கேட்க வேண்டியவர் பக்கத்து வளவிலிருந்து கேட்டுக்கொள்ளும்படி விட்டுவிடுவதுதான் வழக்கம். நான்கடிக்குள் ஒருத்தி தன் ஏமாற்றத்தைச் சொல்லி முடித்துவிடுவாள். அழுதாள் என்ற சொல் அதில் இருக்காது.

இந்த அடக்கத்துக்கு ஊரின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. கிழக்குக் கரையில் வீட்டைப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்து, மாப்பிள்ளையை அங்கே கொண்டுவருவது வழமை. உம்மா, சாச்சி, பெரியம்மா, அவர்களின் பெண்மக்கள் எல்லோரும் அடுத்தடுத்த வளவுகளில் இருப்பார்கள். கவி பாடுகிற பெண்ணுக்குக் கேட்பவர் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில் இருந்தார். அதற்கு மேல் குரல் போவது தேவையும் இல்லை, ஒழுங்கும் இல்லை. அந்நிய ஆணின் காதில் பெண்ணின் குரல் விழக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த ஊர்களில் பாட்டு நின்றுபோகாமல் தணிந்துபோனது. பாட்டை விடாமல் கட்டுப்பாட்டையும் மீறாமல் இருக்க அவர்கள் கண்ட வழி அது.

அதே கவி வயல் வட்டைக்குப் போனால் வேறு ஆளாகிவிடும். வேளாண்மை குடலைப் பருவத்தைத் தாண்டிக் கதிர் முற்றும்வரை ஆண்கள் இரவில் காவற்பரணில் கிடப்பார்கள். பன்றியும் யானையும் வராமல் பார்க்க வேண்டும், தூங்காமலும் இருக்க வேண்டும். ஒரு பரணில் தொடங்கிய கவிக்கு மறுபரணிலிருந்து பதில் வரும். நடுவே கிடப்பது வயல்வெளி. எனவே குரல் உச்சத்தில் ஏறும், அசை நெடுநேரம் இழுபடும். இரவில் நெல் ஏற்றிப் போகும் கரத்தைக்காரரின் பாட்டும் இப்படித்தான். சொற்களும் ராகமும் மாறுவதில்லை. மாறுவது கேட்பவர் இருக்கும் தூரம் மட்டுமே. தணிந்த பாட்டு என்றால் குரல் வளமில்லாதவரின் பாட்டு என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சான்றைக் கவனித்தால் போதும்.

கேட்பதற்குச் சாய வேண்டிய ஒலிக்கு இந்தப் பிரதேசத்தில் இன்னொரு பெயர்பெற்ற உதாரணமும் உண்டு. கல்லடிப் பாலத்தருகே மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைக் கேட்க விரும்புபவர் அமைதியான நிலாக்காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைப்பார். நீரரமகளிரின் பாட்டாக அதைக் கவிதையில் கொண்டுவந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947), சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவிலுள்ள காரைதீவில் பிறந்தவர். பழந்தமிழ் இசையை ஆராய்ந்த அவருடைய ‘யாழ்நூல்’ 1947இல், அவர் மறைவதற்குச் சற்று முன், அரங்கேறியது.

பாடுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான இந்தத் தூரக் கணக்கை மேற்குலகின் நகரங்களில் மைக் என்ற கருவி மாற்றி எழுதியது. அதுவரை மேடையில் பாடுபவர் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாட வேண்டும். இசைத்தட்டுக்குப் பாடுபவரோ ஒரு பெரிய கொம்புக்குள் கத்த வேண்டும். அந்த ஒலியின் அதிர்வுதான் மெழுகில் கோடு கிழிக்கும். 1925இல் மைக் வழியான மின் ஒலிப்பதிவு வணிகத்துக்கு வந்தது. கத்த வேண்டிய தேவை போய்விட்டது. கொழும்பு வானொலி தொடங்கியதும் அதே 1925 டிசம்பர் 16ஆம் திகதிதான். இசைத்தட்டும் வானொலியும் சேர்ந்து, பாடுபவரின் வாயையும் கேட்பவரின் காதையும் ஒரு சாண் இடைவெளிக்குக் கொண்டுவந்தன.

இந்த நெருக்கத்தைக் கண்டு முதலில் கலவரப்பட்டவர்கள் ஒழுக்கக் காவலர்கள். பிங் கிராஸ்பி, ரூடி வாலி போன்றோர் மைக்கில் முணுமுணுப்பாகப் பாடிய பாணி குரூனிங் எனப்பட்டது. பொஸ்டன் நகரக் கத்தோலிக்கக் கர்தினால் வில்லியம் ஓகானல் 1932இல் அதை ஆண்மையற்ற, இழிந்த பாட்டு என்று பகிரங்கமாகக் கண்டித்தார். வேலிக்கு வெளியே குரல் கேட்பது பிழை என்று கல்முனைக்குடியில் ஒரு கிழவி சொல்லியிருப்பார். குரல் இவ்வளவு கிட்ட வருவது பிழை என்றார் கர்தினால். இருவரும் கணக்கிட்டது தூரத்தைத்தான்.

அமெரிக்காவின் ஜாஸோ அப்போது உரத்த இசை. நியூ ஓர்லியன்ஸ் தெருக்களில் பிறந்து, நடன மண்டபங்களை நிரப்ப வளர்ந்த இசை அப்படித்தான் இருக்க முடியும். அதற்குள் தணிவைக் கொண்டுவந்தவர்களில் இருவர் முதன்மையானவர்கள்: சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கும் பாடகி பில்லி ஹாலிடேயும். 1937 முதல் இருவரும் சேர்ந்து பதிவு செய்தார்கள். ஏனைய சாக்ஸபோன்காரர்கள் அடிவயிற்றிலிருந்து ஊதிய காலத்தில் யங் மெல்லிய, உலர்ந்த ஒலியை எடுத்தார். ஹாலிடேயின் குரலின் வீச்சு சிறியது. தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, பேசுவதுபோலப் பாடுவார். இருவரும் 1959இல், நான்கு மாத இடைவெளியில் இறந்தார்கள்.

1940களின் நடுப்பகுதியில் பீபாப் என்ற பாணி வந்தபோது ஜாஸ் வேகமும் சிக்கலும் நிறைந்ததாயிற்று. அதற்கு மாற்றாக எழுந்ததே கூல் ஜாஸ். நியூயோர்க்கின் 55ஆவது தெருவில் இசையமைப்பாளர் கில் எவன்ஸ் குடியிருந்த நிலக்கீழ் அறையில் கூடிப் பேசிய இளைஞர்களிடமிருந்து ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்று உருவாயிற்று. தலைவர் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். பிரெஞ்சு ஹார்ன், ட்யூபா போன்ற, ஜாஸில் அரிதான வாத்தியங்களைச் சேர்த்து ஒலியை மங்கலாக்கினார்கள். 1949, 1950ஆம் ஆண்டுகளில் கேப்பிட்டல் நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகள் 1957இல் ‘பர்த் ஆஃப் த கூல்’ என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. அந்தப் பதிவுகளில் ஒரே ஒரு வாய்ப்பாட்டு இருந்தது. பாடியவர் கென்னி ஹாகுட். கூல் ஜாஸ் பிறந்த இடத்தில் பாட்டுக்காரர் விருந்தாளியாகத்தான் இருந்தார் என்று சொல்ல வேண்டும்.

பாட்டுக்காரருக்கு அந்த வீட்டில் உரிமை கிடைத்தது கலிபோர்னியாவில். 1952இல் லொஸ் ஏஞ்சலஸின் ஹெய்க் என்ற சிறிய விடுதியில் சாக்ஸபோன் கலைஞர் ஜெரி முல்லிகன் பியானோவே இல்லாத நால்வர் குழுவொன்றை நடத்தினார். பியானோ இல்லாதபோது ஓசைக்கு இடையே வெறுமை விழும். அந்த வெறுமையையே அவர்கள் அழகாக்கினார்கள். குழுவில் ட்ரம்பெட் வாசித்தவர் ஒக்லஹோமாவைச் சேர்ந்த செட் பேக்கர். அவருக்குப் பாடும் ஆசை இருந்தது. பசிபிக் ஜாஸ் நிறுவனத்தின் ரிச்சர்ட் பொக் இடம் கொடுத்தார். 1954 பெப்ரவரியில் எட்டுப் பாடல்கள் பதிவாகி, ‘செட் பேக்கர் சிங்ஸ்’ என்ற பத்து அங்குல இசைத்தட்டாக வந்தன. பேக்கருக்கு அப்போது வயது 24. பியானோவில் ரஸ் ஃப்ரீமன், பாஸில் கார்சன் ஸ்மித், ட்ரம்ஸில் பொப் நீல். 1956இல் மேலும் ஆறு பாடல்கள் சேர்ந்து அது பன்னிரண்டு அங்குலத் தட்டாயிற்று.

இந்தத் தட்டில் குரல் எதையும் செய்துகாட்டவில்லை. ஒரு சுரத்தைப் பிடித்தால் அதை அசைக்காமல் வைத்திருக்கும். அதிர்வோ கமகமோ இல்லை. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் அது ஓதத் தெரியாத பிள்ளை ஓதுவதுபோல் இருக்கும். இரண்டாம் தடவை கேட்டால்தான் வாக்கியம் எங்கே முறிகிறது, மூச்சு எங்கே விடப்படுகிறது என்பதில் உள்ள கவனம் புலப்படும். ட்ரம்பெட்டில் எப்படி வாசிப்பாரோ அப்படியே பாடினார். பாடிய அடியைத் தொடர்ந்து வாத்தியம் எடுக்கும்போது ஒரே ஆள் வேறொரு வாயால் பேசுவதுபோல் தோன்றும். ‘மை ஃபன்னி வேலன்டைன்’ 1937இல் பிரோட்வே மேடை நாடகமொன்றுக்கு ரொஜர்ஸும் ஹார்ட்டும் எழுதிய பாடல். ஒரு கொட்டகையை நிரப்ப எழுதப்பட்ட அந்தப் பாட்டைப் பேக்கர் ஒரு மேசைக்கு எதிரே இருப்பவருக்கான பாட்டாக்கிவிட்டார். இது ஆண் குரலா என்று கேட்டவர்கள் இருந்தார்கள், பாடத் தெரியாதவர் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். அந்தத் தட்டு இன்றும் விற்பனையில் இருக்கிறது. பேக்கரின் பிற்கால வாழ்க்கை போதைப்பொருளில் சிதைந்தது. 1988 மே 13ஆம் திகதி ஆம்ஸ்டர்டாமில் ஹோட்டல் ஜன்னலொன்றிலிருந்து விழுந்து இறந்தார்.

கூல் ஜாஸ் பாடகிகளின் கதை இன்னும் விசித்திரமானது. அவர்களில் மூவர் ஸ்டான் கென்டனின் இசைக்குழுவிலிருந்து வந்தார்கள். பித்தளை வாத்தியங்களின் முழக்கத்துக்குப் பெயர்போன குழு அது. அனிடா ஓடே, அவருக்குப் பின் 1945இல் ஜூன் கிறிஸ்டி, பின்னர் கிறிஸ் கானர். மிக உரத்த குழுவிலிருந்து மிகத் தணிந்த பாடகிகள் வந்தது தற்செயல் இல்லை என்று தோன்றுகிறது. அந்த முழக்கத்தோடு போட்டியிட்டு ஜெயிக்க முடியாது. கீழே இறங்கித்தான் கேட்க வைக்க முடியும். ஓடேயின் விஷயத்தில் உடலே வழிகாட்டியது. சிறுவயதில் தொண்டைச் சதை அறுவை சிகிச்சையில் அவருடைய உள்நாக்கு போய்விட்டது. நீண்ட சுரத்தை அதிர்வோடு பிடித்து நிற்க அவரால் முடியவில்லை. எனவே சுரங்களைச் சிறிது சிறிதாக நறுக்கிப் பாடினார். அதுவே அவருடைய பாணியாயிற்று.

ஜூன் கிறிஸ்டியின் ‘சம்திங் கூல்’ இந்த மரபின் நடுநாயகமான தட்டு. 1953இல் பதிவு தொடங்கி, 1954இல் பத்து அங்குலத் தட்டாகவும் அடுத்த ஆண்டு பன்னிரண்டு அங்குலத்திலும் வந்தது. பின்னணி இசையை ஒழுங்கமைத்தவர் பீட் ருகோலோ. 1960இல் அதே பாடல்களை ஸ்டீரியோவில் மறுபடி பாடினார் கிறிஸ்டி. பழையதே நல்லது என்று சொல்பவர்கள்தான் அதிகம். தலைப்புப் பாடலை எழுதியவர் பில்லி பார்ன்ஸ். வெயில் நாளொன்றில் மதுக்கடையில் தனியே இருக்கும் பெண்ணிடம் அறிமுகமில்லாத ஒருவர் குளிர்பானம் வாங்கித்தர முன்வருகிறார். அவள் ஒப்புக்கொண்டு, தனக்கு முன்பு இருந்த பெரிய வீட்டையும் பின்னால் சுற்றிய ஆண்களையும் பற்றிப் பேசுகிறாள். அவள் வீழ்ந்துவிட்டாள் என்று பாட்டில் எங்கும் சொல்லப்படுவதில்லை, கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கவி பாடி வளர்ந்த பெண் ஒருத்திக்கு மொழி புரிந்திருந்தால் இந்தப் பாட்டின் உத்தி புதிதாக இருந்திருக்காது. பெரிய வீட்டின் கதையைச் சொல்லும் இடத்தில் கிறிஸ்டி குரலை உயர்த்தியிருந்தால் பாட்டு கெட்டிருக்கும்.

தணிவின் எல்லையைத் தொட்டவர் ஜூலி லண்டன். 1955இல் வந்த ‘ஜூலி இஸ் ஹர் நேம்’ தட்டில் அவருக்குத் துணை இரண்டே வாத்தியங்கள்: பார்னி கெசலின் கிட்டார், ரே லெதர்வுட்டின் பாஸ். ஆர்தர் ஹாமில்டன் எழுதிய ‘கிரை மீ எ ரிவர்’ அதிலிருந்துதான் புகழ்பெற்றது. முதலில் அது எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரு திரைப்படத்தில் பாடுவதற்காக எழுதப்பட்டது, படத்தில் இடம்பெறவில்லை. தையல்காரர் விரலில் மாட்டும் உறை கொள்ளுமளவு குரல்தான் தன்னிடம் இருக்கிறது, அதனால் மைக்கை ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது என்று லண்டன் சொல்லியிருக்கிறார். அடக்கத்துக்காகச் சொன்னது அது என்று கொள்ள வேண்டியதில்லை. தன் குரலின் அளவை அறிந்து, அந்த அளவுக்கு ஏற்ற துணையை அமைத்துக்கொண்டவரின் தொழிற்பேச்சு அது.

இந்தப் பாணி அமெரிக்காவை விட்டுப் பிரேசிலுக்கும் போய், பொஸா நோவா இசையில் கலந்தது. ஜொவாவோ ஜில்பெர்டோவின் முதல் நீள்தட்டு 1959இல் வந்தது. அவர் குரலும் பேக்கரைப் போலவே அதிர்வில்லாதது, இன்னும் சன்னமானது. அவருடைய மனைவி அஸ்ட்ரூட் ஜில்பெர்டோ தொழில்முறைப் பாடகி அல்லர். 1963இல் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் நடந்த ஒலிப்பதிவில் அவர் பாடிய ‘த கேர்ல் ஃப்ரம் இபனீமா’ உலகம் முழுவதும் ஓடியது.

இலங்கையில் ஜாஸ் கொழும்பு ஹோட்டல்களின் இசையாகவும் பறங்கியர் வீடுகளின் இசையாகவும் இருந்தது. கிழக்குக் கரைக்கு அது வந்தால் காற்றில்தான் வர வேண்டும். காற்றிலோ குறைவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட வானொலியின் வலுவான ஒலிபரப்பிகள் பின்னர் இலங்கைக்கு வந்து, 1949இல் ரேடியோ சிலோன் உருவானது. 1951இல் அமெரிக்காவுடன் செய்த உடன்பாட்டின்படி வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவின் நிகழ்ச்சிகளும் இங்கிருந்து அஞ்சல் செய்யப்பட்டன. 1955இல் வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கொனோவரின் ஜாஸ் நிகழ்ச்சி தொடங்கியது. ஆங்கிலம் முழுதாகத் தெரியாதவரும் பின்தொடரட்டும் என்று அவர் கனத்த குரலில், மெதுவாக, சொல் சொல்லாகப் பேசுவார். பனிப்போரின் ஆயுதங்களில் ஒன்றாக அந்தத் தணிந்த குரலும் கணக்கிடப்பட்டிருந்தது.

கூல் ஜாஸ் நேரிலும் வந்தது. 1958இல் அமெரிக்க அரசு அனுப்பிய பயணத்தில் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு போலந்தில் தொடங்கி துருக்கி, இந்தியா என்று பல நாடுகளைக் கடந்து இலங்கையிலும் வாசித்தது. அக்குழுவின் போல் டெஸ்மண்ட், சாக்ஸபோனை உலர்ந்த, மிக மெல்லிய ஒலியில் வாசிப்பதில் ஈடற்றவர்.  1963இல் டியூக் எலிங்டன் தன் பெரிய இசைக்குழுவோடு கொழும்புக்கு வந்தார்.

கொழும்பில் பிறந்த ஒருவர் அந்த உலகத்தின் நடுவுக்கே போனதும் இந்தக் காலத்தில்தான். யோலண்ட் பவன் பதின்ம வயதில் ரேடியோ சிலோனில் பாடத் தொடங்கி, ஆஸ்திரேலியக் கலைஞர் கிரேம் பெல்லின் குழுவோடு பயணம் செய்து, இங்கிலாந்து சேர்ந்தார். 1962இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ், ரொஸ் மூவர் குழுவிலிருந்து அனி ரொஸ் விலகியபோது அந்த இடம் பவனுக்குக் கிடைத்தது. வாத்தியக்காரரின் கற்பனை வாசிப்பை அப்படியே சொல்போட்டு வேகமாகப் பாடுவது அந்தக் குழுவின் கலை. தணிவுக்கும் அதற்கும் தூரம். சேலை கட்டி மேடையேறிய பவன் அந்தக் கலையில் மூன்று தட்டுகளில் பாடியிருக்கிறார்; 1963ஆம் ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பதிவானது அவற்றில் ஒன்று. 1964இல் குழு கலைந்தது. பின்னர் அவர் நியூயோர்க்கில் நாடக நடிகையாகவும் இருந்தார். இலங்கை ஜாஸ் வரலாற்றில் இவ்வளவு தூரம் போன பாடகர் வேறொருவரைச் சொல்வது கடினம். தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

கரையோரத் தமிழ்க் காதுக்கு மைக் பாட்டின் தணிவைக் கொண்டுவந்தவர்கள் ஜாஸ் பாடகர்கள் அல்லர், சினிமாப் பாடகர்கள். அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலோடு ரேடியோ சிலோனின் தமிழ் வர்த்தக சேவையில் ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் வந்தார்கள். தியாகராஜ பாகவதரின் காலத்தில் நடிகர் மைக் இல்லாத நாடகக் கொட்டகைக்குப் பழகிய தொண்டையோடு சினிமாவுக்கு வந்தார். 1951இல் ‘சம்சாரம்’ படத்தில் அறிமுகமான ராஜாவுக்கு அந்தப் பழக்கச் சுமை இல்லை. 1959இல் ‘கல்யாணப் பரிசு’க்கு அவரே இசையமைத்துப் பாடியபோது, மைக்கை நம்பிப் பாடும் ஆண் குரல் தமிழில் நிலைத்துவிட்டது. அதே ஆண்டில்தான் ஜில்பெர்டோவின் தட்டும் வந்தது. ஒருவர் மற்றவரைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. மைக் எங்கே போனாலும் இப்படி ஒரு குரலை உண்டாக்கியது.

கரையோர ஊர்களில் இதன் எதிர்முனையும் ஒலித்துக்கொண்டிருந்தது. பாடகர் நாகூர் ஹனீபாவின் குரல் ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் ஊருக்குக் கேட்கும். பள்ளி விழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் அதுவே பொருத்தம். தேத்தண்ணிக் கடை வானொலியில் சினிமாப் பாட்டும் தெருவுக்குக் கேட்கத்தான் வைக்கப்பட்டது. ராஜாவின் மென்மையை அங்கே உச்சச் சத்தத்தில் கேட்டார்கள். 1960களில் மின்கலத்தில் ஓடும் டிரான்ஸிஸ்டர் பெட்டிகள் வந்தபோது வானொலி கடையிலிருந்து வளவுக்குள் நுழைந்தது. அம்மிக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் கவி இருந்த இடத்தில் அது உட்கார்ந்தது. நகரவாசிகளுக்குத் தணிந்து பாடக் கற்றுக்கொடுத்த கருவி, ஏற்கெனவே தணிந்து பாடிக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைத்தது.

வானொலி ஒன்றையே குற்றம் சொல்வதும் நியாயமில்லை. உழவு இயந்திரமும் பின்னர் அறுவடை இயந்திரமும் வந்து, கூடி வெட்டி, சூடு மிதித்த நாட்களைக் குறைத்தன. 1985க்குப் பின் உள்நாட்டுப் போர் கரையோரத்துக்கு வந்தது; 1990க்குப் பின் பல முஸ்லிம் விவசாயிகளால் தங்கள் வட்டைகளுக்குப் பகலிலேயே போக முடியவில்லை; இரவில் பரணில் இருந்து பாடுவது எங்கே? பாட்டையே ஆகாததாகக் கண்ட சீர்திருத்தப் போக்குகளும் அதே காலத்தில் ஊர்களில் வலுத்தன. றபானும் குரவையும்கூடப் பல வீடுகளிலிருந்து போய்விட்டன. 2004 டிசம்பர் 26இன் சுனாமிக் கடல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கரையை ஒட்டிய வளவுகளை வேலியோடு கொண்டுபோனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். வீடிழந்தோர் பலர் புதிய குடியேற்றங்களுக்கும் மாடி வீடுகளுக்கும் போனபோது, சகோதரிகள் அடுத்தடுத்து இருந்த பழைய வளவு முறை பல இடங்களில் கலைந்தது. பத்தடி தூரத்தில் கேட்பவர் இல்லாமல் போனார்.

சொற்களைக் காப்பாற்றியவர்கள் உண்டு. நிந்தவூரைச் சேர்ந்த சட்டத்தரணி எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைப் பல்லாண்டு அலைந்து திரட்டி நூலாக்கினார். கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் இப்பாடல்களைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பெரிய நீலாவணையின் நீலாவணன் (1931–1975) வயல் வாழ்வை ‘வேளாண்மை’ என்ற காவியமாக எழுதினார். அது அவர் மறைந்த பின் 1982இல் அச்சேறியது. இவர்கள் உழைப்பு இல்லாவிட்டால் கவி இருந்ததற்கே சான்று இராது. ஆனால் அச்சில் ஒரு குறை தவிர்க்க முடியாதது. 1954இல் செட் பேக்கர் எந்த அசையில் மூச்சு விட்டார் என்பதை இன்று எவரும் கேட்டறியலாம். அதே ஆண்டில் சம்மாந்துறையில் ஒரு பெண் பாடிய கவியின் நான்கடி புத்தகத்தில் இருக்கும். அவள் குரலை எவ்வளவு தணித்தாள், எங்கே இழுத்தாள், எங்கே விட்டாள் என்பது இராது. கவியின் பாதி அந்த இழுப்பிலும் விடுதலிலும் இருந்தது.

அந்தப் பாதியை நினைவில் வைத்திருக்கும் மூத்தம்மாக்கள் நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் இன்னும் சிலர் இருக்கலாம். வீட்டில் பழைய கசெட் ஏதும் கிடந்தால் அதைத் தூக்கி எறியாமல் வைப்பது நல்லது. புதிதாகப் பதிவு செய்ய ஒரு கைபேசி போதும். அதைப் பாடுபவரின் வாய்க்குக் கிட்ட வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். உரத்துப் பாடுங்கள் என்று மட்டும் அவரிடம் கேட்கக்கூடாது.